கண்ணில் பறக்கும் பூச்சி: நியூட்டனின் இருட்டறையிலிருந்து என் மானிட்டர் வரை

போன எபிசோட் முடியும்போது "அடுத்த வாரம் வரலாம், வராமலும் போகலாம்"னு சொல்லியிருந்தேன். ஏன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. காரணம் ஒரு புள்ளி. என் வலது கண்ணுல வந்து உக்காந்துகிட்ட ஒரு சின்ன சாம்பல் நிறப் புள்ளி. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல அது எப்படி ஆரம்பிச்சதுன்னு சொல்லிடறேன். ராத்திரி பதினொன்றரை மணி. ரிலீஸுக்கு முந்தின நாள். ஒரு வெள்ளைப் பக்கத்துல டாக்குமென்ட் படிச்சிட்டு இருக்கேன். ஒரு வரியோட நடுவுல ஒரு புள்ளி. மானிட்டர்ல டெட் பிக்சல்னு நினைச்சேன். துணியால துடைச்சேன், போகல. விண்டோவை நகர்த்தினேன், புள்ளி நகரல. அப்புறம் நான் என் கண்ணை நகர்த்தினேன். புள்ளி கூடவே வந்தது, கொஞ்சம் லேட்டா, தண்ணியில மிதக்குற தூசி மாதிரி.

அந்த நிமிஷம் வயித்துல ஒரு சில்லுனு வந்தது பாருங்க, அதை வார்த்தையில சொல்ல முடியல. நம்ம வேலையே கண்ணை நம்பி. அதோட எனக்கு பவர் மைனஸ் ஆறரை. இன்னொரு காரணமும் இருக்கு, அதைக் கடைசியில சொல்றேன். அன்னைக்கு ராத்திரி மூணு மணி வரைக்கும் போன்ல தேடிக்கிட்டே இருந்தேன். "ஒண்ணுமில்லை"ங்கிறதுல ஆரம்பிச்சு மூளைக்கட்டி வரைக்கும் எல்லாமே வந்தது. டார்க் மோட்ல படிச்சா புள்ளி தெரியாது. அதனால நான் என்ன பண்ணேன் தெரியுமா? எல்லாத்தையும் டார்க் மோடுக்கு மாத்திட்டு, பதினோரு நாள் டாக்டர்கிட்ட போகாம இருந்தேன். எரர் வருதுன்னு லாகை ஆஃப் பண்ணி வெக்கிற ஆள் மாதிரி.

அந்தப் பதினோரு நாள்ல பயத்தைக் குறைக்க நான் செஞ்ச ஒரே உருப்படியான வேலை, எனக்கு முன்னாடி இந்தப் புள்ளியைப் பார்த்துப் பயந்தவங்க யார் யார்னு தேடிப் படிச்சது. அதுல கிடைச்சதுதான் இந்தக் கதைகள்.

பசியா, கண்ணா?

மூணாவது நாள் அம்மாகிட்ட போன்ல பேச்சுவாக்குல சொன்னேன். "கண்ணுல பூச்சி பறக்குதாடா? நேரத்துக்குச் சாப்பிடறியா இல்லையா நீ?"ன்னு கேட்டாங்க. நம்ம ஊர்ல பசியில கண்ணு கட்டினா "கண்ணுல பூச்சி பறக்குது"ன்னுதானே சொல்லுவோம்.

இதுல ஆச்சரியம் என்னன்னா, லத்தீன் மொழியில டாக்டர்கள் இதுக்கு வெச்ச பேர் 'முஸ்கே வொலிடான்டெஸ்'. அர்த்தம், பறக்கும் ஈக்கள். நாம பூச்சின்னு சொன்னதை அவங்க ஈன்னு சொல்லியிருக்காங்க.

அம்மா கேட்ட கேள்வி இருக்கே, அதுவும் புதுசு இல்லை. ரோமாபுரியில கி.பி. 2-ஆம் நூற்றாண்டுல வாழ்ந்த மருத்துவர் கேலன், உடம்பின் எந்த உறுப்புல நோய் இருக்குன்னு கண்டுபிடிக்கிறதைப் பத்தி ஒரு பெரிய நூல் எழுதினார். அதுல கண் முன்னால கொசு மாதிரி, ஈ மாதிரி ஏதோ பறக்குதுன்னு வர்ற நோயாளிகளைப் பத்திச் சொல்றார். இது கண்புரையோட ஆரம்பமா இருக்கலாம், இல்லைன்னா வயித்துக் கோளாறாவும் இருக்கலாம்ங்கிறது அவர் கணக்கு. ரெண்டையும் எப்படிப் பிரிக்கிறது? முதல்ல ஒரு கேள்வி கேளுங்கறார்: ஒரு கண்ணுலயா, ரெண்டு கண்ணுலயும் ஒரே மாதிரியா? ரெண்டுலயும் ஒரே மாதிரின்னா வயிறு. ஒரு கண்ணுல மட்டும்னா கண்ணுலதான் கோளாறு. அடுத்து, எத்தனை நாளா இருக்குன்னு கேளுங்கறார்.

அவரோட மருத்துவத்துல பாதிக்கு மேல இன்னைக்குத் தப்பு. மிதக்குற புள்ளிக்கும் கண்புரைக்கும் அவர் நினைச்ச தொடர்பு கிடையாது. ஆனா கேள்வியைப் பாருங்க. 1,800 வருஷம் கழிச்சு நான் டாக்டர் முன்னாடி உக்காந்தப்போ அவங்க கேட்ட முதல் ரெண்டு கேள்வியும் இதேதான். ஒரு கண்ணுலயா, ரெண்டு கண்ணுலயுமா? எத்தனை நாளா?

டீபக் பண்றவங்களுக்கு இது உடனே புரியும். பிரச்சினை எங்க இருக்குன்னு தெரியாதப்போ முதல்ல அதை ரெண்டா வெட்டிப் பார்ப்போம். சர்வரா, கிளையன்ட்டா? இந்த எபிசோட் முழுக்க இந்த ஒரு கேள்வி கூடவே வரும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

மூணு நாள் இருட்டறை

இப்போ கேம்பிரிட்ஜ் போவோம். 1660-கள். ஐசக் நியூட்டன் இருபதுகளோட ஆரம்பத்துல இருக்கிற ஒரு மாணவர். வெளிச்சம்னா என்ன, நிறம்னா என்னன்னு மண்டையைக் குடைஞ்சுகிட்டு இருக்கார். சோதனைக்கூடம் எதுவும் கிடையாது. இருக்கிறது அவரோட சொந்தக் கண்ணு மட்டும்தான்.

அவர் என்ன செய்தார்னா, கண்ணாடியில தெரியுற சூரியனை வலது கண்ணால மட்டும் பார்த்தார். அப்புறம் அறையோட இருட்டு மூலைக்குத் திரும்பி, கண்ணுல தெரியுற வட்டத்தையும் அதோட நிறங்கள் எப்படி மாறி மறையுதுங்கிறதையும் கவனிச்சார். மறுபடி செய்தார். மூணாவது தடவையும் செய்தார். (யாரும் இதைச் செஞ்சு பார்க்காதீங்க. நிரந்தரமா பார்வை போகும். சீரியஸா சொல்றேன்.)

கொஞ்ச நேரத்துல நிலைமை கைமீறிப் போச்சு. எந்த வெளிச்சமான பொருளைப் பார்த்தாலும் அதுமேல சூரியன் வந்து உக்காந்தது. படிக்கவும் பயம், எழுதவும் பயம். அறையை இருட்டாக்கி மூணு நாள் உள்ளேயே அடைஞ்சு கிடந்தார். மூணு நாலு நாள்ல பார்வை கொஞ்சம் வந்தது, வெளிச்சத்தைத் தவிர்த்ததுல இன்னும் சில நாள்ல பெரும்பாலும் சரியாச்சு.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்னா, சுமார் 27 வருஷம் கழிச்சு, 1691 ஜூன்ல, தத்துவ அறிஞர் ஜான் லாக் கேட்டதுக்குப் பதிலா நியூட்டனே ஒரு கடிதம் எழுதினார். ராபர்ட் பாயில் நிறங்களைப் பத்தி எழுதின புத்தகத்துல இதே மாதிரி ஒரு சம்பவம் வருது, அதைப் பத்தித்தான் லாக் கேட்டிருந்தார்.

அந்தக் கடிதத்துல ரெண்டு விஷயம் என்னை அப்படியே நிறுத்திடுச்சு.

ஒண்ணு, சூரியனைப் பார்த்தது வலது கண்ணு மட்டும்தான். ஆனா கொஞ்ச நேரத்துல இடது கண்ணுலயும் அந்தப் பிம்பம் தெரிய ஆரம்பிச்சதுங்கறார். அதைத் தன்னோட கற்பனை செய்த வேலைன்னே அவர் எழுதுறார்.

ரெண்டாவது, கண்ணு தேறின பிறகும் பல மாசம் அது போகல. எப்போ அதைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சாலும், நடு ராத்திரியில திரைச்சீலையை மூடிக்கிட்டுப் படுத்திருந்தாலும், சூரியன் திரும்பி வந்தது. அவர் கண்டுபிடிச்ச ஒரே வைத்தியம், மனசை வேற பக்கம் திருப்புறது.

எனக்கு இதைப் படிச்சப்போ சிரிப்பும் வந்தது, கொஞ்சம் ஆறுதலாவும் இருந்தது. நியூட்டனுக்கே ரெண்டு விஷயம் கலந்து போயிருக்கு. கண்ணுல உண்மையா பட்ட காயம் ஒண்ணு. அதையே நினைச்சு நினைச்சு மனசு வரையுற படம் இன்னொண்ணு. ஒரு நாளைக்கு நாற்பது தடவை வெள்ளைச் சுவரைப் பார்த்து "இருக்கா, இருக்கா"ன்னு தேடுற எனக்கு அது நல்லாப் புரிஞ்சது. தேடத் தேட அது பெருசாகும்.

ஆனா கவனிங்க. நியூட்டனுக்குக் கற்பனை இருந்ததால காயம் பொய் ஆகிடல. ரெண்டும் நிஜம். "எல்லாம் உன் மனப்பிரமை"ன்னு யாராவது சொன்னா அதுவும் முழுப் பதில் கிடையாது.

எல்லார் கண்ணுலயும் ஒரு ஓட்டை

இங்க ஒரு சின்ன சோதனை. வண்டி ஓட்டிக்கிட்டே கேக்குறவங்க அப்புறமா செய்யுங்க.

ரெண்டு கையையும் முன்னால நீட்டி, கட்டை விரல்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிமிர்த்தி வைங்க. இடது கண்ணை மூடிக்கோங்க. வலது கண்ணால இடது கட்டை விரலையே பாருங்க, பார்வை நகரக் கூடாது. இப்போ வலது கட்டை விரலை மெதுவா வலது பக்கம் நகர்த்துங்க. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்துல விரல் நுனி காணாமப் போகும். இன்னும் நகர்த்தினா திரும்ப வரும்.

போச்சா? அதுதான் குருட்டுப் புள்ளி. எனக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கு. இதைக் கண்டுபிடிச்சவர் எட்மே மரியோட்ங்கிற பிரெஞ்சு விஞ்ஞானி. 1668-ல இதை வெளியிட்டார். கண்ணுலேருந்து மூளைக்குப் போற நரம்பு கிளம்புற இடம் அது. அங்க வெளிச்சத்தை உணர எதுவுமே கிடையாது. நரம்பு கிளம்புற இடத்துலதான் பார்வை ரொம்பக் கூர்மையா இருக்கும்னு ஒருத்தர் எதிர்பார்க்கலாம். மரியோட் சோதிச்சுப் பார்த்தார். அங்க ஒண்ணுமே தெரியல.

வேடிக்கை என்னன்னா, கண்டுபிடிப்பு சரி, முடிவு தப்பு. நரம்பு இருக்கிற இடத்துல பார்வை இல்லைன்னா, பார்க்கிறது விழித்திரையா இருக்க முடியாது, அதுக்குப் பின்னால இருக்கிற படலம்தான்னு அவர் வாதாடினார். இதைப் பத்தி மற்ற விஞ்ஞானிகளோட பெரிய சண்டையே நடந்தது.

நான் இதைச் சொல்ல வந்த காரணம் வேற. இவ்வளவு பெரிய ஓட்டையை வெச்சுக்கிட்டு மனுஷங்க ஆயிரக்கணக்கான வருஷம் கவனிக்காமலே வாழ்ந்திருக்காங்க. ஏன்னா மூளை சுத்தி இருக்கிறதை வெச்சு அதை நிரப்பிடும். இன்னொரு கண்ணும் அதை மறைச்சிடும். இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. உண்மையான நோயால வர்ற ஓட்டையையும் மூளை இதே மாதிரி மூடி மறைக்கும். அதனாலதான் ஒவ்வொரு கண்ணா மூடிப் பார்க்கச் சொல்றாங்க.

பாதி தெரிஞ்ச பெயர்ப்பலகை

அடுத்தவர் என்னை ரொம்ப பாதிச்ச ஆள். வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன். மருத்துவம் படிச்சவர், வேதியியல்ல பல்லேடியம், ரோடியம்னு ரெண்டு தனிமங்களைக் கண்டுபிடிச்சவர்.

ஒரு நாள் சில மணி நேரம் கடுமையா உடம்பை வருத்தின பிறகு, எதிர்ல வந்த ஒருத்தரோட முகத்துல பாதிதான் தெரிஞ்சது அவருக்கு. ஒரு கதவுக்கு மேல 'ஜான்சன்'னு எழுதியிருந்த பெயர்ல அவருக்கு 'சன்' மட்டும்தான் தெரிஞ்சது. பார்வையோட இடது பாதி காணோம்.

நானா இருந்தா அங்கேயே உக்காந்து அழுதிருப்பேன். வொல்லாஸ்டன் என்ன செய்தார்? வலது கண்ணால மட்டும் பார்த்தார். அப்புறம் இடது கண்ணால மட்டும் பார்த்தார். ரெண்டுலயும் அதே இடது பாதிதான் காணோம். கால் மணி நேரத்துல தானா சரியாச்சு. பல வருஷம் கழிச்சு மறுபடி வந்தது.

கேலனோட அதே கேள்வி. ஆனா வொல்லாஸ்டன் வயித்துப் பக்கம் போகல. ரெண்டு கண்ணும் ஒரே நேரத்துல, ஒரே மாதிரி, ஒரே பாதியை இழக்குதுன்னா பிரச்சினை கண்ணுல இருக்க முடியாது, ரெண்டு கண்ணோட நரம்பும் ஒண்ணு சேர்ற இடத்துக்குப் பின்னால இருக்கணும். அதனால ஒவ்வொரு கண்ணோட நரம்பு இழைகளும் பாதி இந்தப் பக்கமும், பாதி அந்தப் பக்கமும் பிரிஞ்சு மூளைக்குப் போகணும்னு சொன்னார். நியூட்டனும் 1704-ல வந்த 'ஆப்டிக்ஸ்' நூல்ல இதைக் கேள்வி வடிவத்துல யூகிச்சிருந்தார். வொல்லாஸ்டன் தன் பார்வைக் குறையையே ஆதாரமா வெச்சு 1824-ல ராயல் சொசைட்டிக்குக் கட்டுரையா கொடுத்தார். அவர் சொன்ன அடிப்படை சரி.

கதை அங்க முடியல. 1828 டிசம்பர்ல அவர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில மூளையில கட்டி இருந்தது.

இதை ராத்திரி ரெண்டு மணிக்குப் படிச்சா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. "பார்த்தியா, கட்டி!"ன்னு மனசு குதிச்சது. ஆனா அவருக்கு முதல்ல வந்த அந்தக் கால் மணி நேர அனுபவம் மைக்ரேன்ல வர்றது மாதிரியே இருக்கு. அதுக்கும் அந்தக் கட்டிக்கும் சம்பந்தம் இருந்ததா இல்லையான்னு இருநூறு வருஷம் கழிச்சு நாம தீர்ப்பு சொல்ல முடியாது.

மைக்ரேனைப் பத்தித் தனியா ஒரு வரி. கிரீன்விச் வானியல் நிலையத்தோட தலைமை வானியலாளர் ஜார்ஜ் ஏரி, தன் பார்வையில வளைஞ்சு வளைஞ்சு பரவுற ஒரு கோலத்தை 1865-ல எழுதினார். அவரோட மகன் ஹியூபர்ட் ஏரி ஒரு மருத்துவர், அவருக்கும் அதே பிரச்சினை. 1870-ல கோட்டைச் சுவர் மாதிரி மடிஞ்சு மடிஞ்சு போற அந்தக் கோடுகளைப் படமா வரைஞ்சு வெளியிட்டார். இன்னைக்கு மைக்ரேன் இருக்கிறவங்க அந்தப் படத்தைப் பார்த்தா "அட, இதேதான்!"னு சொல்லுவாங்க. அது 20 நிமிஷம், அரை மணி நேரம்னு பரவி மறையும், ரெண்டு கண்ணுலயும் தெரியும். என் புள்ளி அப்படி இல்லை. ஒரு கண்ணு. போகவே இல்லை.

பாபேஜ் கோட்டை விட்டது

இப்போ நம்ம துறைக்காரர் ஒருத்தர் வர்றார்.

1850 வரைக்கும் நிலைமை என்னன்னா, உயிரோட இருக்கிற ஒரு மனுஷனோட கண்ணுக்குள்ள யாராலயும் பார்க்க முடியாது. கண்மணி கருப்பா இருக்கும், அவ்வளவுதான். கண்ணுக்கு வெளியில தெளிவா இருந்து, ஆனா பார்வை போச்சுன்னா அதுக்கு 'அமரோசிஸ்'னு ஒரே பேர். நோயாளிக்கும் ஒண்ணும் தெரியாது, டாக்டருக்கும் ஒண்ணும் தெரியாது, அதுதான் அமரோசிஸ்னு அந்தக் காலத்து டாக்டர்களே ஜோக் அடிச்சாங்க.

நம்ம எழும்பூர் கண் ஆஸ்பத்திரி தெரியும்ல? அது மெட்ராஸ்ல தொடங்கினது 1819. லண்டனோட மூர்ஃபீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரி 1805. அப்படின்னா மெட்ராஸ்ல கண்ணுக்குன்னே ஒரு ஆஸ்பத்திரி தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல, அங்க வந்து "கண்ணுல ஏதோ மறைக்குது"ன்னு சொன்னவங்களோட விழித்திரையை யாரும் பார்த்ததே கிடையாது. பார்க்க வழியே இல்லை.

ஏன் கண்மணி கருப்பா இருக்கு? உள்ள போற வெளிச்சம், எந்த வழியா வந்ததோ அதே வழியா திரும்பிப் போகும். அதைப் பார்க்கணும்னா உங்க கண்ணு விளக்கு இருக்கிற இடத்துல இருக்கணும். அங்க உங்க தலையை வெச்சா வெளிச்சத்தை நீங்களே மறைச்சிடுவீங்க.

1847-ல இதுக்கு ஒருத்தர் வழி கண்டுபிடிச்சார். சார்லஸ் பாபேஜ். கம்ப்யூட்டரோட தாத்தான்னு நாம படிச்ச அதே பாபேஜ். ஒரு சின்னக் கண்ணாடி, அதுக்குப் பின்னால இருக்கிற பூச்சை நடுவுல ரெண்டு மூணு இடத்துல சுரண்டி எடுத்துட்டு, ஒரு குழாய்க்குள்ள சாய்வா பொருத்தினார். கண்ணாடி வெளிச்சத்தைக் கண்ணுக்குள்ள அனுப்பும், சுரண்டின ஓட்டை வழியா நீங்க பார்க்கலாம். அதை வார்ட்டன் ஜோன்ஸ்ங்கிற லண்டன் கண் மருத்துவர்கிட்ட காட்டினார். அவருக்கு அதுல சரியா எதுவும் தெரியல. பாபேஜும் அதோட விட்டுட்டார். வார்ட்டன் ஜோன்ஸே இதை 1854-ல எழுதி வெச்சதாலதான் நமக்குத் தெரியுது.

முதல் டெமோ சொதப்பினதும் ப்ராஜெக்டைக் கைவிட்டது. நம்மள்ல யாருக்கு இது நடக்கல?

மூணு வருஷம் கழிச்சு, க்யோனிக்ஸ்பெர்க்ல உடலியல் பேராசிரியரா இருந்த ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், தன் மாணவர்களுக்குக் கண்ணைப் பத்திப் பாடம் எடுக்கத் தயார் பண்ணிட்டு இருந்தார். வயசு 29. அதே யோசனை அவருக்கும் வந்தது. அட்டை, கோந்து, மூக்குக்கண்ணாடி லென்ஸ், மைக்ராஸ்கோப்புக்குப் பயன்படுத்துற மெல்லிய கண்ணாடித் துண்டுகள். இவ்வளவுதான் பொருள். அதை வெச்சு உயிருள்ள மனுஷனோட விழித்திரையைப் பார்த்தார். பாபேஜ்கிட்ட இல்லாதது அந்த லென்ஸும், உள்ளேருந்து வர்ற வெளிச்சம் எப்படிக் குவியுதுங்கிற கணக்கும். 1850 டிசம்பர்ல பெர்லின்ல அறிவிச்சார், 1851-ல புத்தகமா வந்தது. ஆஃப்தால்மோஸ்கோப் பிறந்தது அப்படித்தான். சில வருஷத்துக்குள்ள பெர்லின்ல ஃபான் கிராஃபே மாதிரியான டாக்டர்கள் 'அமரோசிஸ்'ங்கிற அந்த ஒரே மூட்டையைப் பிரிச்சு, உள்ள பத்து வெவ்வேறு நோய் இருக்குன்னு காட்ட ஆரம்பிச்சாங்க.

கிழிசலைத் தேடினவர்

பார்த்தாச்சு. ஆனா பார்த்ததைச் சரி பண்ண முடிஞ்சதா? இங்கதான் என் பயத்தோட உண்மையான காரணம் வருது.

கண்ணுக்குள்ள முக்கால்வாசி இடத்துல ஜெல்லி மாதிரி ஒரு பொருள் இருக்கு. வயசானா, இல்லை என்னை மாதிரி கிட்டப்பார்வை அதிகமா இருந்தா சீக்கிரமாவே, அது இளகிச் சுருங்கும். அதுல திரியுற நார்களோட நிழல் விழித்திரையில விழறதுதான் அந்தப் பூச்சி. பெரும்பாலும் அவ்வளவுதான், ஒண்ணும் ஆகாது. ஆனா சில பேருக்கு அந்த ஜெல்லி சுருங்கும்போது விழித்திரையைப் பிடிச்சு இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. அதுக்குத் தெரிஞ்ச ஒரே மொழி வெளிச்சம். அதனால இழுத்தா மின்னல் மாதிரி தெரியும். கிழிஞ்சா திடீர்னு கரும்புள்ளிகள் கொட்டும். கிழிசல் வழியா நீர் இறங்கினா, சுவத்துல ஒட்டின தாள் ஈரத்துல உரியுற மாதிரி விழித்திரை உரிஞ்சு வரும். ஓரத்துலேருந்து ஒரு திரை இறங்குற மாதிரி இருக்கும்.

இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது இது வந்தா அனேகமா அந்தக் கண்ணு போச்சுன்னு அர்த்தம். கண்ணைக் கட்டி வாரக்கணக்குல படுக்க வெப்பாங்க, அவ்வளவுதான். சுவிட்சர்லாந்துல லோசான் நகரத்து டாக்டர் ஜூல் கோனான் வேற மாதிரி யோசிச்சார். விழித்திரை உரியுறதுக்குக் காரணமே அந்தக் கிழிசல்தான், அதை அடைச்சா உரிஞ்சது ஒட்டும்னார். பெரிய டாக்டர்கள் பலர் நம்பல. கிழிசல்ங்கிறது விளைவு, காரணம் இல்லைன்னாங்க. அவர் ஒவ்வொரு நோயாளியோட விழித்திரையையும் மணிக்கணக்கா பார்த்து, படமா வரைஞ்சு, கிழிசல் எங்க இருக்குன்னு குறிச்சு, கண்ணுக்கு வெளியிலிருந்து சரியா அந்த இடத்துல சூடான கருவியால சுட்டு அடைச்சார். 1920-கள்ல ஒவ்வொரு நோயாளியா நிரூபிச்சு, 1929-ல ஆம்ஸ்டர்டாம்ல நடந்த சர்வதேச கண் மருத்துவ மாநாட்டுலதான் உலகம் அதை ஒத்துக்கிச்சு. இன்னைக்கு லேசர் இருக்கு, எவ்வளவோ வந்தாச்சு. ஆனா அடிப்படை அதேதான்: கிழிசலைக் கண்டுபிடி, அடை.

கோனானோட சீடர் மார்க் ஆம்ஸ்லர். அவர் 1947-ல வெளியிட்டது ஒரு கட்டம் போட்ட அட்டை. பத்து சென்டிமீட்டர் சதுரம், உள்ள ஐந்து மில்லிமீட்டர் கட்டங்கள், நடுவுல ஒரு புள்ளி. 30 சென்டிமீட்டர் தள்ளி வெச்சு, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியைப் பார்க்கணும். கோடு வளைஞ்சாலோ, கட்டம் காணாமப் போனாலோ, பார்வையோட மையத்துல ஏதோ கோளாறு. ஓரத்துல நடக்கிறது அதுல தெரியாது, அதையும் ஞாபகம் வெச்சுக்கணும். அரை மில்லிமீட்டர் பேட்டரிகூட வேணாம். ஒரு காகிதம் போதும்.

சித்தப்பா

ஆரம்பத்துல இன்னொரு காரணம் இருக்குன்னு சொன்னேன்ல.

என் சித்தப்பா அம்பத்தூர்ல லேத் பட்டறை வெச்சிருந்தார். நான் பிளஸ் டூ படிச்சப்போ ஒரு நாள் அவருக்கு இடது கண்ணுல கருப்பா ஏதோ கொட்டுச்சு, ஓரத்துல பளிச் பளிச்னு மின்னுச்சு. இரும்புத்தூள் விழுந்திருக்கும்னு நினைச்சார். மெடிக்கல் ஷாப்ல ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கிட்டார். தீபாவளி நேரம், ஆர்டர் கையில நிறைய. ஒரு வாரத்துல கீழேருந்து நிழல் மாதிரி ஏறுச்சு. "தீபாவளி முடியட்டும்"னார். மூணு வாரம் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனப்போ விழித்திரையோட நடுப்பகுதியும் உரிஞ்சிருந்தது. ஆபரேஷன் பண்ணாங்க, ஒட்டவும் செஞ்சது. ஆனா அந்தக் கண்ணால அவருக்கு இப்போ விரலை எண்ண முடியும், ஸ்கேல்ல கோடு பார்க்க முடியாது. பட்டறையை அடுத்த வருஷம் கொடுத்துட்டார்.

நடுப்பகுதி உரியறதுக்கு முன்னாடி வந்திருந்தா கதையே வேறன்னு டாக்டர் சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இவ்வளவும் தெரிஞ்ச நான், பதினோரு நாள் டார்க் மோட்ல ஒளிஞ்சிருந்தேன். தெரியாததால அவர் லேட் பண்ணார். தெரிஞ்சதால நான் லேட் பண்ணேன். கோனானைப் பத்திப் படிச்ச ராத்திரிதான் எனக்கு வெக்கமா இருந்தது. அந்த மனுஷன் வருஷக்கணக்குல கண்ணைச் சுருக்கிக்கிட்டுக் கிழிசலைத் தேடியிருக்கார், நான் போய்க் காட்டக்கூட மாட்டேங்கறேன்.

மறுநாள் காலையில போனேன். கண்மணி விரிய சொட்டு மருந்து விட்டு, முக்கால் மணி நேரம் உக்கார வெச்சாங்க. டாக்டர் தலையில லைட் மாட்டிக்கிட்டு, கையில ஒரு லென்ஸைப் பிடிச்சு, மேல பாருங்க, கீழ பாருங்க, ஓரமா பாருங்கன்னு எல்லா மூலையும் பார்த்தாங்க. ஹெல்ம்ஹோல்ட்ஸோட அட்டைப்பெட்டிக்குப் பேரன் பேத்தி அந்தக் கருவி.

முடிவு இதுதான். புள்ளி வெறும் பூச்சி, ஜெல்லியில மிதக்குற நார். ஆனா வலது கண்ணோட ஓரத்துல ஒரு இடத்துல விழித்திரை மெலிஞ்சிருக்கு, ஓட்டை இல்லை. இப்போதைக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம், வருஷம் ஒருமுறை காட்டணும். புள்ளி திடீர்னு அதிகமானாலோ, மின்னல் தெரிஞ்சாலோ, திரை இறங்குற மாதிரி இருந்தாலோ அன்னைக்கே வரணும். "அன்னைக்கேன்னா அன்னைக்கே"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க.

வெளியில வந்தா விரிஞ்ச கண்ணுக்கு மத்தியான வெயில் தாங்கல. ஆட்டோவுல கண்ணை மூடிக்கிட்டே அம்மாவுக்கு போன் பண்ணி "பூச்சிதான்மா"ன்னேன். "சாப்பிட்டியா?"ன்னாங்க.

அந்தப் புள்ளி இன்னும் இருக்கு. இதை எடிட் பண்ணும்போது டார்க் மோடை ஆஃப் பண்ணியிருக்கேன், வெள்ளைப் பக்கத்துல அது பாட்டுக்கு மிதக்குது. நியூட்டன் சொன்ன மாதிரி, வேற வேலையைப் பார்த்தா காணாமப் போயிடுது.

உங்க வீட்டுல யாராவது "கண்ணுல ஏதோ மின்னுது, தூசியா இருக்கும்"னு சொன்னா, ஒவ்வொரு கண்ணா மூடிப் பார்க்கச் சொல்லுங்க. அப்புறம் பண்டிகை, ரிலீஸ், ஆர்டர் எல்லாத்தையும் ஓரமா வெச்சுட்டு அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.

அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்.